பெண்களும் சைக்கிளும்: புதுக்கோட்டையிலிருந்து திருப்பூர் வரை



சிறப்பு மலருக்குக் கட்டுரை பிரிச்சுக் கொடுத்தப்போ சேமிப்பு வரலாறு, கடன் வரலாறு இரண்டையும் எழுத ஆள் முன்பே ரெடியாக இருந்தாங்க. எனக்கு மிஞ்சினது உடல்நலம். உடல்நலம் என்றால் சத்துமாவு, கீரை, இரும்புச்சத்து மாத்திரை என்று எழுதிக் கொடுத்துடலாம். ஆனால் நம்ம குழுக் கூட்டங்களில் இப்போ அதிகம் கேட்கிற பேச்சு வேற. "முட்டி வலிக்குதுங்க", "சுகர் வந்திருச்சுங்க", "பிரஷர் மாத்திரை போடறேனுங்க", "அஞ்சு கிலோ ஏறிட்டேனுங்க". தவணை கட்ட வந்தவங்க கையில் பாஸ் புக்கோடு மாத்திரைப் பையும் இருக்கு.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வு என்று மத்திய அரசு சில வருஷங்களுக்கு ஒருமுறை எடுக்கிற கணக்கு இருக்கு. அதன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் எடை அதிகமாக உள்ளவர்கள் 2015-16இல் 100க்கு 31 பேர். 2019-21இல் 100க்கு 40 பேர். அதே காலத்தில் இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 24 பேர்தான். நாலைந்து வருஷத்தில் நம்ம மாநிலத்தில் பத்துப் பேருக்கு ஒருத்தர் கூடியிருக்காங்க.

டாக்டர் சொல்றது ஒரே வார்த்தைதான்: தினம் அரை மணி நேரம் நடங்க. சொல்றது சரிதான். காலையில் நாலரைக்கு எழுந்து, தண்ணி பிடிச்சு, சமைச்சு, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையை அனுப்பி, எட்டரைக்குக் கம்பெனியில் நிக்கிறவளுக்கு அந்த அரை மணி நேரம் எங்கே இருக்கு? ஒன்றரை ஷிப்டு பார்த்துட்டு வந்தால் ராத்திரி ஒன்பது. அதனாலதான் உடற்பயிற்சி பற்றி எழுதாமல், தனியாக நேரம் ஒதுக்காமலே கால்களுக்கு வேலை கொடுத்த பெண்களின் வரலாற்றை எழுதலாம் என்று தோணுச்சு. அந்த வரலாறு சைக்கிளோடு சேர்ந்தது. அதில் பெரிய பங்கு நம்ம தமிழ்நாட்டுக்கே உண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தது. வயது வந்தவர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும் இயக்கம். நம்மில் ஐம்பது தாண்டியவங்களுக்கு அறிவொளி நல்லா ஞாபகம் இருக்கும். நம்ம பக்கத்திலும் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவங்க பல பேர் அதில் வந்தவங்கதான். அப்போது புதுக்கோட்டை கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்கிற பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி. இயக்கம் தொடங்கினதும் ஒரு சிக்கல் வந்தது. பாடம் சொல்லிக் கொடுக்க முன்வந்த தொண்டர்களில் பெண்கள் நிறைய. ஒரு ஊரில் இருந்து இன்னொரு ஊருக்கு அவங்க எப்படிப் போவாங்க? பஸ் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வரும், வராமலும் போகும். அண்ணனோ வீட்டுக்காரரோ சைக்கிளில் கொண்டு போய் விட்டால்தான் உண்டு. அவருக்கு வேலை இருந்தால் அன்னைக்கு வகுப்பு கிடையாது.

அப்படித்தான் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பாடத்திட்டத்துக்குள் வந்தது. முதலில் இயக்கத் தொண்டர்கள் கத்துக்கிட்டாங்க. அடுத்து புதிதாகப் படிக்க வந்தவங்க. அதுக்கு அப்புறம் ஊரில் இருக்கிற எல்லாப் பெண்களும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இதில் பொறுப்பு கொடுக்கப்பட்டது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்க கலெக்டர் ஏற்பாடு செய்தார். (சைக்கிளுக்கு வங்கிக் கடன்! கடன் குழுவில் இருக்கிற அக்காமார் இதைக் கவனிக்கணும்.) ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் மைதானத்தில் பயிற்சி முகாம். கத்துக்க வந்தவங்க நல்ல சேலை கட்டி, பண்டிகைக்கு வர்ற மாதிரி வந்தாங்களாம். இயக்கத்துக்காரரான முத்து பாஸ்கரன் சைக்கிள் பற்றி எழுதிய பாட்டு மாவட்டம் பூரா பரவியது.

1992 மார்ச் 8, மகளிர் தினம். 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில் பாரில் கொடி கட்டி, மணி அடிச்சுக்கிட்டுப் புதுக்கோட்டை டவுனுக்குள் ஊர்வலமாக வந்தாங்க. ஊர் வாயடைச்சு நின்றது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் பிறகு அங்கே போய் விசாரித்து எழுதியிருக்கிறார். அவர் கணக்கில் ஒன்றரை வருஷத்துக்குள் சைக்கிள் கற்ற கிராமப் பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல். பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நாலில் ஒருத்தர். போட்டி, கண்காட்சி என்று ஊர் முன்னாடி சைக்கிள் ஓட்டிக் காட்டியவர்கள் மட்டும் 70,000க்கு மேல்.

யார் இவங்க? விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராம செவிலியர், அங்கன்வாடி ஊழியர், சத்துணவு ஊழியர், செயற்கை வைரம் பட்டை தீட்டுகிறவர்கள், டீச்சர்கள். வேலைக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும். குவாரிப் பெண்கள் கதை தனியாகவே எழுதணும். கொத்தடிமை மாதிரி கல் உடைச்ச பெண்கள் குழு சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்து நடத்தினதும் இதே மாவட்டத்தில் இதே காலத்தில்தான். கையில் சம்பாத்தியம், பையில் பாடப் புத்தகம், காலடியில் பெடல். மூணும் ஒண்ணா வந்ததால்தான் இது நிலைச்சது என்பது என் எண்ணம். சைக்கிளை மட்டும் கொண்டு போய் நிறுத்தியிருந்தால் வீட்டில் இருக்கிற பையன்தான் ஓட்டியிருப்பான்.

ஒரு சைக்கிள் கடைக்காரர் ஒரே வருஷத்தில் லேடீஸ் சைக்கிள் விற்பனை 350 சதவீதம் கூடியதாக சாய்நாத்திடம் சொல்லியிருக்கிறார். அதுவும் முழுக் கணக்கு இல்லை. ஏன்னா லேடீஸ் சைக்கிளுக்குக் காத்திருக்க முடியாமல் பல பேர் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கிட்டாங்க. அதைவிட இன்னொரு காரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஜென்ட்ஸ் சைக்கிளில் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் பார் கம்பி இருக்கு இல்லையா, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம்! பின்னால் கேரியரில் தண்ணிக் குடம், முன்னால் பாரில் குழந்தை, பக்கத்தில் தொங்குகிற பை. லேடீஸ் சைக்கிளைக் கண்டுபிடிச்சவங்களுக்கு இது தெரிஞ்சிருக்காது. பெண் என்றால் பாவாடை மாட்டும் என்பதை நினைச்சாங்க, பெண் என்றால் இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும் என்பதை நினைக்கலை.

கேலிப்பேச்சு இல்லாமல் இல்லை. தெருவில் அசிங்கமாகப் பேசினவங்க உண்டு. பெண்கள் ஓட்டிக்கிட்டே இருந்தாங்க, பேச்சு தானாக அடங்குச்சு. காய்கறி விற்கப் போன பெண்கள் ஒரு ஊருக்குப் பதில் ரெண்டு மூணு ஊர் போய் விற்றாங்க. பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரம் மிச்சம். 1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

இதில் எடை குறையும் என்று யாரும் சைக்கிள் ஏறலை. அன்னைக்கு அவங்களுக்கு எடை கூடுவது பிரச்சினை இல்லை, சாப்பாடு பத்தாததுதான் பிரச்சினை. போக வேண்டிய இடத்துக்குப் போகத்தான் ஏறினாங்க. கட்டுரையில் இதை முதலில் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

உடம்புக்காகவே சைக்கிள் ஏறின ஒரு அம்மாவும் வரலாற்றில் உண்டு. அவங்களைத் தெரிஞ்சுக்க நூறு வருஷம் பின்னாடி, அமெரிக்காவுக்குப் போகணும். ரெண்டு சக்கரமும் ஒரே அளவில், செயின் வைத்த சைக்கிள் 1885இல் இங்கிலாந்தில் வந்தது. 1888இல் டன்லப் காற்று அடைத்த டயரைக் கொண்டு வந்தார். அதுக்கு முன்னாடி ஆளுயரச் சக்கரத்தில் உட்கார்ந்து ஓட்டிய விளையாட்டு, சாதாரண மக்கள் ஏறுகிற வண்டியாக மாறியது. பெண்கள் ஏற ஆரம்பித்ததும் சில டாக்டர்கள் பயமுறுத்தினாங்க. சைக்கிள் ஓட்டினால் பெண்ணின் முகம் இறுகிப் போய் அவலட்சணமாகிவிடும், அதுக்கு "சைக்கிள் முகம்" என்று ஒரு நோய்ப் பெயர் வேற. கர்ப்பப்பைக்கு ஆகாது என்றும் பேச்சு. நம்ம ஊரில் "வயசுக்கு வந்த புள்ள சைக்கிள் ஓட்டக் கூடாது"ன்னு பாட்டிமார் சொன்னதும் இதுவும் ஒரே சங்கதிதான், பேண்ட் போட்ட டாக்டர் சொன்னால் விஞ்ஞானம், அவ்வளவே.

அந்தக் காலத்தில் பிரான்சிஸ் வில்லார்டு என்ற அம்மா பெரிய மகளிர் சங்கத்துக்குத் தலைவி. மது ஒழிப்புக்காகப் போராடிய சங்கம். சாராயக்கடை மறியலில் நின்ற நம்ம அக்காமாருக்கு அவங்க சொந்தக்காரி மாதிரி. ஊர் ஊராகப் பேசிப் பேசி உடம்பு கெட்டுப் போச்சு. அம்மா இறந்த துக்கம் வேற. 53 வயதில் சைக்கிள் கத்துக்க முடிவு செய்தாங்க. தினம் கால் மணி நேரம், மூணு மாசம். ஏறுவது, இறங்குவது, திருப்புவது எல்லாம் ஒவ்வொண்ணாகக் கத்துக்கிட்டு, 1895இல் அதைப் பற்றி ஒரு சின்னப் புத்தகமே எழுதினாங்க. சைக்கிளுக்கு கிளாடிஸ் என்று பேர் வைத்திருந்தாங்க. நாம கறவை மாட்டுக்கு லட்சுமின்னு பேர் வைக்கிற மாதிரி. அடுத்த வருஷம், 1896இல், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சூசன் அந்தோணி, பெண் விடுதலைக்கு வேறெதையும்விட சைக்கிள் அதிகம் செய்திருக்கிறது என்று பத்திரிகைக்குச் சொன்னாங்க.

53 வயதில் தினம் கால் மணி நேரம் என்பதை அடிக்கோடு போட்டுக்கோங்க. "இனிமேலா கத்துக்கறது" என்று கேட்கிறவங்களில் பாதிப் பேருக்கு அந்த வயசு ஆகலை.

சைக்கிள் உடம்புக்கு நல்லது என்று வில்லார்டு அம்மாவுக்கு அனுபவத்தில் தெரிந்தது. கணக்குப் போட்டு நிரூபிக்க இன்னும் அறுபது வருஷம் ஆச்சு. அந்தக் கணக்கு தையல் தெரிந்த நமக்கு ருசிக்கும். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ் ஊழியர்களைப் பார்த்தார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ், ஒரே சம்பள வகை, ஒரே ஊர். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு 500 படிக்கு மேல் ஏறி இறங்குகிறார். 1953இல் மோரிஸ் வெளியிட்ட முடிவு: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் வயசு தாண்டி வருது, உயிர் போவதும் குறைவு.

ஆனால் மோரிஸ் அதோடு நிற்கலை. 1956இல் பஸ் கம்பெனி ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த யூனிபார்ம் கணக்கை எடுத்தார். பேண்ட் இடுப்பளவு! எந்த வயதில் பார்த்தாலும் டிரைவர் இடுப்பு கண்டக்டர் இடுப்பைவிடப் பெரிசு. இள வயது டிரைவர்களுக்கே அப்படி. அப்படின்னா உட்கார்ந்த வேலை மட்டுமே காரணம் என்று சொல்லிட முடியாது, வேலைக்கு வரும்போதே கொஞ்சம் பருமனானவங்கதான் டிரைவர் ஆனாங்களோ என்ற சந்தேகத்தையும் அவரே எழுப்பினார். தன் கணக்கைத் தானே சோதிச்ச மனுஷன். சைஸ் ஸ்டிக்கரில் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று நாள் முழுக்க ஒட்டுகிற நமக்கு, இடுப்பளவில் இவ்வளவு வரலாறு இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

நம்ம நாட்டுக் கணக்கும் இருக்கு. லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு ஆகிய நாலு ஊர்களில் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்களையும், கிராமத்திலேயே இருந்துவிட்ட அவர்களது உடன்பிறந்தவர்களையும் 2005 முதல் 2007 வரை சோதித்தார்கள். அதில் ஏறக்குறைய 3,900 பேர் வேலைக்கு எப்படிப் போகிறார்கள் என்று பார்த்து 2013இல் முடிவு வெளியானது. பைக், கார் என்று சொந்த வண்டியில் போகிறவர்களோடு ஒப்பிட்டால், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களிடம் அதிக எடை மூன்றில் ஒரு பங்கு குறைவு. சர்க்கரையும் அதே அளவு குறைவு. இரத்த அழுத்தம் பாதிதான். இங்கேயும் மோரிஸ் சந்தேகத்தைச் சேர்த்தே படிக்கணும். ஒல்லியாக இருக்கிறவங்கதான் சைக்கிளில் போறாங்களோ என்னவோ. ஆனாலும் பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்த 2017 ஆய்விலும், டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 2000இல் வந்த ஆய்விலும் வேலைக்கு சைக்கிளில் போனவங்களுக்கு ஆயுள் கெட்டி என்றே வந்திருக்கு. இத்தனை ஊரில் ஒரே பக்கம் சாய்ந்தால் நம்பலாம்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். பனியன் கம்பெனி வேலைக்கு நடந்து வந்த காலம் ஒண்ணு. சைக்கிள் காலம் ஒண்ணு. சாயங்காலம் சங்கு ஊதினதும் ரோடு முழுக்க சைக்கிள், கேரியரில் டிபன் தூக்கு. ஓட்டினவங்க பெரும்பாலும் ஆம்பளைங்க. பெண்கள் கூட்டமாக நடந்தாங்க, டவுன் பஸ்ஸில் தொங்கினாங்க. எண்பதுகளில் எக்ஸ்போர்ட் பெருகினதும் சுத்துப்பட்டு கிராமத்தில் இருந்தெல்லாம் பெண்கள் வேண்டியிருந்தது, கம்பெனி வேன் வந்தது. வீட்டு வாசலில் ஏத்தி, கம்பெனி வாசலில் இறக்கிடும். பிறகு தவணையில் ஸ்கூட்டி. நம்ம கடன் விண்ணப்பங்களிலேயே பாருங்க, "நோக்கம்" என்ற இடத்தில் முன்னே வீட்டுக்காரருக்கு சைக்கிள், பையனுக்கு சைக்கிள் என்று இருக்கும். பெண்ணுக்கு என்று எழுத ஆரம்பிச்சப்போ அது நேராக ஸ்கூட்டி ஆயிருச்சு. நடையிலிருந்து மோட்டாருக்குத் தாவிட்டோம், நடுவில் இருந்த படியில் கால் வைக்கவே இல்லை.

ஸ்கூட்டியைக் குறை சொல்லலை. ராத்திரி ஒன்பது மணிக்குத் தனியாக வர்ற பொண்ணுக்கு அது துணை. புதுக்கோட்டைக்கே யுனிசெப் பெண் தொண்டர்களுக்காக 50 மொபெட் கொடுத்தது. ஓட்டத் தெரிஞ்சவளுக்கு அடுத்த வண்டி தானா வரும். ஆனால் பவர் டேபிளில் பத்து மணி நேரம் உட்கார்ந்தவள் வேனிலும் உட்கார்ந்து வர்றா. செக்கிங், டிரிம்மிங்கில் நிற்கிறவள் நாள் பூரா நிற்கிறா, நடப்பதில்லை. கால் வீங்குது, தொடை வேலை செய்யலை. களைப்பு வேற, உழைப்பு வேற. உடம்பெல்லாம் வலிக்கும்போது "நான் நாள் முழுக்க வேலை செய்யறேனே, எதுக்கு எடை ஏறுது"ன்னு கேட்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான்.

சைக்கிள் என்ன செய்யுது? நம்ம உடம்பிலேயே பெரிய தசை தொடையிலும் பின்புறத்திலும் இருக்கு. பெடல் மிதிக்கும்போது வேலை செய்வது அதுதான். வேலை செய்கிற தசை இரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கும். உடம்பு பாரத்தை சீட்டு தாங்கிக்கும், அதனால் நடந்தால் முட்டி வலிக்கிற கனத்த உடம்புக்காரங்க பல பேருக்கு சைக்கிள் மிதிக்க முடியும். ஒரு விஷயம் மட்டும்: ரெண்டு காலும் தரையில் பதியணும்னு பயத்தில் சீட்டை அடியில் இறக்கி வைப்போம். அப்படி ஓட்டினால் முட்டி மடிஞ்சே இருக்கும், வலி கூடும். பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீளணும், முட்டியில் லேசான மடிப்பு இருந்தால் போதும். கத்துக்கிற பத்து நாள் சீட்டு தாழ்வா இருக்கட்டும். அப்புறம் ஒரு ஸ்பேனர் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

நம்ம கணக்கு நோட்டு முறையில் எடைக்கும் ஒரு வரவு செலவு போட்டுப் பார்த்தேன். 60 கிலோ எடையுள்ள பெண், அஞ்சாறு கிலோமீட்டர் தூரத்தில் கம்பெனி. மெதுவாகப் போக அரை மணி, வர அரை மணி. சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாகிறதைக் கழிச்சால் அந்த ஒரு மணி நேரத்தில் கூடுதலாகச் செலவாவது 180 கலோரி மாதிரி. மாசம் 25 நாள் என்றால் 4,500. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி. அப்போ மாசம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். டிவியில் வருகிற விளம்பரம் மாதிரி பத்து நாளில் பத்துக் கிலோ எல்லாம் கிடையாது. நாம முதன்முதலில் குழுவில் போட்ட சந்தா மாதிரி சின்னத் தொகை. அதுவும் நோட்டில் வர்ற கணக்குதான்; சாயங்கால டீ டைமில் சர்க்கரை போட்ட டீயும் ஒரு வடையும் சேர்ந்தால் 200 கலோரி போலப் போயிரும், அன்னைய வரவு அன்னைக்கே பற்று. எடை முள் நகராவிட்டாலும் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மூச்சுக்கும் கிடைக்கிற லாபம் நிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம். போக வர தினம் ஒரு மணி நேரம் மிதிக்கிறவள் மூணு நாளிலேயே அந்த முதல் அளவைத் தாண்டிடுவா, ஒரு நிமிஷம் கூடத் தனியா ஒதுக்காமல்.

மூச்சு வாங்குதுன்னா முதலில் இரத்தம் பாருங்க. அதே அரசு ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. எடையும் அதிகம், இரத்தமும் கம்மி என்று ரெண்டும் ஒரே ஆளிடம் இருக்கும். நெஞ்சு வலி, மயக்கம் வர்றவங்க டாக்டரிடம் காட்டிட்டுத்தான் ஏறணும். சுகருக்கு இன்சுலின் போடறவங்களும் கேட்டுக்கணும்.

ரோடு விஷயத்தில் நான் பொய் சொல்ல மாட்டேன். பல்லடம் ரோடு, அவிநாசி ரோடு, காங்கயம் ரோடு எதிலும் காலை ஒன்பது மணிக்கு சைக்கிளில் போங்கன்னு ஒரு அக்காவுக்கும் சொல்ல எனக்கு மனசு வராது. தண்ணி லாரி, கன்டெய்னர், வேன், ஓரத்தில் மண். புதுக்கோட்டையில் பெண்கள் ஜெயிச்சது கிராமத்து ரோட்டில், 1992இல். நமக்கு இருக்கிற ரோடு வேற. ஊராட்சிக் கூட்டத்தில் சாக்கடை, தெருவிளக்கு கேட்கிறோம். ரோட்டோரத்தில் சைக்கிள் போக ஒரு கஜம் இடம் கேட்டு இதுவரை நாம ஒரு மனுவும் கொடுக்கலை. கம்பெனி தூரமாக இருந்தால் அதை விட்டுடுங்க. ரேஷன் கடை, பால் சொசைட்டி, பேங்க், பள்ளிக்கூடம், குழுக் கூட்டம், சந்தை: இதெல்லாம் உள்ரோட்டிலேயே ஒண்ணு ரெண்டு மைலுக்குள்தான் இருக்கு. அதுக்கும் ஸ்கூட்டியைத்தானே உதைக்கிறோம்?

வண்டிக்கும் புதுசாகப் பணம் போட வேண்டாம். 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண் பிள்ளைகளுக்கு என்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளியில் ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளுக்கும் விரிந்தது. 2006இல் பீகார் அரசும் ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுத்தது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகள் எண்ணிக்கை கூடினதை ஆய்வுகளே காட்டின. நம்ம பிள்ளைகளுக்குக் கிடைத்த சைக்கிள் இப்போ எங்கே? பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சுக் காலேஜ் பஸ்ஸில் போறா. சைக்கிள் காற்று இறங்கிப் போய் வீட்டுச் சுவரில் சாஞ்சு நிக்குது, ஹேண்டிலில் துணி காயுது. டயர், டியூப், பிரேக் கட்டை மாத்தி, செயினுக்கு எண்ணெய் விட்டால் ஓடும்.

மகளுக்கு ஓட்டத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அதனால் பயிற்சிக்கு வெளியாள் தேவையில்லை, மகளே கேரியரைப் பிடிச்சுக்கிட்டு பின்னால் ஓடி வரட்டும். அரை மணி நேரத்தில் அவளுக்கும் மூச்சு வாங்கும். கூட்டமைப்பில் பேசி முடிவு செய்தபடி, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை முதல் ஏழரை வரை ஆரம்பப் பள்ளி மைதானத்தில் கத்துக் கொடுக்கிறோம். சுடிதாரா இருந்தால் ஷாலை முடிச்சுப் போட்டுக்கோங்க, சேலையா இருந்தால் முந்தானையை இடுப்பில் சொருகி, செயின் கவர் இருக்கிற வண்டியா பார்த்துக் கொண்டு வாங்க. காற்றடிக்கிற பம்பு ஒண்ணு அலுவலகத்திலேயே வாங்கி வச்சிருக்கோம்.